‘கெடு நெருங்கினால்தான் எனக்கு வேலை ஓடுகிறது, டாக்டர்’

கேள்வி: எனக்கு 34 வயது. வேளச்சேரியில் கணவர், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், என் அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். மயிலாப்பூரில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினோரு வருடமாக இருக்கிறேன். 27 வயதில் எனக்கு பைபோலார், அதாவது மனம் சில காலம் மேலே எகிறியும் சில காலம் கீழே சரிந்தும் போகும் நோய் என்றார்கள். லித்தியம் சாப்பிட்டு வந்தேன். போன வருடம் ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடும் இருக்கிறது என்று அதற்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சேர்த்தார்கள். வேலை நன்றாகவே ஓடியது. கை நடுக்கமும் தாகமும் தாங்காமல் ஜூன் மாதம் லித்தியத்தை நானே நிறுத்திவிட்டேன். ஜூலைக் கடைசியில் ஐந்து நாள் இரவெல்லாம் உட்கார்ந்து வருமான வரி ரிட்டர்ன் போட்டேன், களைப்பே தெரியவில்லை. சார் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அதே வாரம் 85,000 ரூபாய்க்குத் தவணையில் பொருள் வாங்கினேன். ஆகஸ்டில் பாதி நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்று பேருக்கு ஜி.எஸ்.டி. போடாமல் விட்டு, அவர்கள் தாமதக் கட்டணம் கட்டினார்கள். நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்று ஒன்றிரண்டு நாள் தோன்றியது. இப்போது ஆடிட் அறிக்கைக்குக் கடைசி நாளான செப்டம்பர் 30 வருகிறது. கெடு நெருங்கினால்தான் எனக்கு வேலை ஓடும். நான் நோயாளியா, சோம்பேறியா? சாரிடம் சொல்லலாமா? அம்மா, “எத்தனை மாத்திரைதான் சாப்பிடுவ, குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் 48 நாள் இருந்துட்டு வரலாம் வா” என்கிறார். என் மகளுக்கும் இது வருமா?

— வேளச்சேரி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடிதத்தில் ஒற்றை வரியாக எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்ற எண்ணம். அதை இன்று இரவே உங்கள் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் பயந்துவிடுவார் என்று நினைத்து மறைக்காதீர்கள். மறுபடியும் அந்த எண்ணம் வந்தால், அது எந்த நேரமாக இருந்தாலும், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எண்ணம் வலுத்தால் போனோடு நிற்க வேண்டாம்; கணவரை அழைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சிகிச்சை இலவசம். 1794-ல் தொடங்கிய இடம் அது. அந்தப் பெயரைச் சொன்னாலே கூசுகிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஆனால் அங்கே போய்த் தேறி வேலைக்குத் திரும்பியவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

இரண்டாவது விஷயமும் அவசரம்தான். லித்தியத்தை நிறுத்திவிட்டு மெத்தில்ஃபெனிடேட்டை மட்டும் தொடர்கிறீர்கள். நாளைக் காலையில் உங்கள் டாக்டருக்குப் போன் செய்து இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். மனநிலையைச் சமன் செய்யும் மருந்து இல்லாமல் இந்தத் தூண்டும் மருந்து மட்டும் உடம்பில் இருந்தால், பைபோலார் உள்ளவருக்கு மனம் மேலே எகிறும் வாய்ப்பு கூடுகிறது. சமன் செய்யும் மருந்தும் கூட இருந்தால் அந்த ஆபத்து அப்படிக் கூடுவதில்லை. 2017-ல் வெளியான ஒரு பெரிய ஸ்வீடன் ஆய்வு இதைத்தான் காட்டியது. அதனால்தான் நாங்கள் எப்போதும் முதலில் பைபோலாரை நிலைப்படுத்திவிட்டு, அப்புறம் ஏ.டி.எச்.டி.-க்குக் கை வைக்கிறோம். உங்கள் டாக்டரும் அந்த வரிசையில்தான் கொடுத்திருக்கிறார். நீங்கள் அடியில் இருந்த கல்லை உருவிவிட்டு மேலே இருந்ததை வைத்துக்கொண்டீர்கள். பழைய லித்தியம் அட்டையை எடுத்துப் பழைய அளவிலேயே நீங்களாக ஆரம்பித்துவிடவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை பார்த்து அவர் சொல்லட்டும்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

நோயாளியா சோம்பேறியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து நாள் இரவெல்லாம் உட்கார்ந்து வேலை செய்தவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. உங்களிடம் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்: வேகமான பேச்சு, சிதறும் கவனம், யோசிக்காமல் செலவு. ஆனால் ஏ.டி.எச்.டி. என்பது உங்களோடு வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் தொலைத்தது, கணக்கு தெரிந்தும் பாதியில் விட்டது என்று பன்னிரண்டு வயதுக்கு முன்பே அதன் தடம் இருக்கும். எல்லா நாளும் இருக்கும். பைபோலார் பருவம் பருவமாக வரும், போகும். மனம் மேலே போகும் பருவம் குறைந்தது நாலு நாள், கடுமையானால் ஒரு வாரத்துக்கு மேல். கீழே போனால் இரண்டு வாரம், சிலருக்கு மாதக்கணக்கில்.

வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஏ.டி.எச்.டி.-யால் இரவு இரண்டு மணி வரை போனைத் தடவிக்கொண்டு விழித்திருந்தவர் மறுநாள் துவண்டு கிடப்பார். பைபோலாரில் மேலே போகிறவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, ஆறு மணிக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு நிற்பார். ‘களைப்பே தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான்.

நீங்கள் எழுதியதிலேயே முக்கியமானது, ‘கெடு நெருங்கினால்தான் வேலை ஓடும்’ என்பது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த இரண்டும் சேர்ந்தவர்களைப் பார்த்து வருகிறேன். இவர்களில் பலர் இந்த வரியை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏ.டி.எச்.டி. மூளைக்கு ‘முக்கியம்’ என்பது மட்டும் போதாது, ‘இப்போதே’ என்பதும் வேண்டும். பத்து நாள் கழித்துச் செய்ய வேண்டியது அதன் கண்ணுக்கே தெரியாது. கடைசி நாள் வந்து பயம் பிடித்தால்தான் கவனம் கூடும். அதனால் சின்ன வயதிலிருந்தே நீங்கள் அந்தப் பயத்தையே மருந்தாக உபயோகித்து வந்திருக்கிறீர்கள். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, ரிட்டர்னுக்கு முந்தைய ராத்திரி. ஒரு நோய்க்கு நீங்களே கண்டுபிடித்த கைவைத்தியம் அது. அது வேலை செய்ததும் உண்மை.

ஆனால் அந்த மருந்துக்கு விலை தூக்கம். பைபோலாரைப் பற்ற வைக்கும் தீக்குச்சிகளில் தூக்கம் கெடுவது முதல் வரிசையில் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் நடந்ததை நாள் வரிசையில் வைத்துப் பாருங்கள். கெடு வந்தது, ராத்திரி விழித்தீர்கள், லித்தியமும் இல்லை, மனம் மேலே ஏறியது. ஏறிய மனம் அறுபது ரிட்டர்னும் போடும், 85,000 ரூபாய்க்குத் தவணையும் போடும். அப்புறம் ஆகஸ்ட் வந்தது. ஏ.டி.எச்.டி.-க்கு நீங்கள் செய்துகொண்ட வைத்தியமே பைபோலாரைக் கிளப்பிவிடுகிறது. உங்கள் சார் பாராட்டியது வேலைக்குத்தான். ஆனால் அந்த ஐந்து நாள் உங்களுடைய நல்ல நாட்கள் என்று தயவுசெய்து மனதில் பதிய வைக்காதீர்கள். ஆகஸ்டும் அதே கணக்கில்தான் வருகிறது. வரவும் செலவும் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்.

ஆகவே உங்களுக்குத் தேவை, ராத்திரியைத் தொடாத கெடு. டைரியில் 30-க்குப் பதில் 20 என்று எழுதி வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். உங்களுக்கு அது பலிக்காது. அந்த 20 பொய் என்று உங்கள் மூளைக்குத் தெரியும். எதிரே ஒரு மனிதர் காத்திருந்தால்தான் அது நிஜம் என்று நம்பும். உங்கள் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஸ், அதாவது சி.ஏ. பயிற்சி, செய்யும் பையனோ பெண்ணோ இருப்பார்கள் அல்லவா? அவர்களில் ஒருவரிடம், “தினமும் நாலு மணிக்கு என்னிடமிருந்து இரண்டு ஃபைல் வாங்கிக்கொள், நான் தரவில்லை என்றால் என் மேஜை பக்கத்தில் வந்து நில்” என்று சொல்லிவிடுங்கள். ஜி.எஸ்.டி.-க்கு மாதக் கெடுவான 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நகராது. ஆனால் 8-ம் தேதி காலை பில்லோடு வரச் சொல்லி ஒரு வாடிக்கையாளரை நீங்கள் அழைக்க முடியும். அவர் வந்து எதிரே உட்கார்ந்தால் அதுதான் கெடு. கடினமான கணக்கைத் தனி அறையில் போடாதீர்கள். இன்னொருவர் தன் வேலையைச் செய்துகொண்டு பக்கத்தில் இருந்தாலே உங்களுக்குக் கவனம் நிற்கும். பேச வேண்டிய அவசியம்கூட இல்லை.

மயிலாப்பூர் ஆபீஸ் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ராகு காலத்தில் புதிய காரியம் தொடங்காத ஆபீசாகவே அது இருக்கும். செவ்வாய் 3 முதல் 4.30, புதன் 12 முதல் 1.30, வெள்ளி 10.30 முதல் 12. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதையும் திறக்கக் கூடாது, திறந்து கிடப்பதை முடிக்க மட்டும் செய்யலாம். பத்து ஃபைலை ஆரம்பித்து ஒன்றையும் முடிக்காத மூளைக்கு இவ்வளவு பொருத்தமான கட்டுப்பாட்டை நான் யோசித்து உருவாக்கியிருக்க முடியாது. என்னிடம் வரும் ஒருவருக்கு இதைச் சொன்னேன். மூன்று வருடமாக அதைப் பின்பற்றுகிறார்.

மெத்தில்ஃபெனிடேட் மறுபடி தொடரச் சொன்னால், அதைச் சொன்ன காலை நேரத்தில் மட்டும் போடுங்கள். கெடு நாளில் சாயங்காலம் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டு உட்காருவது உங்களைப் பொறுத்தவரை வினையை விலைக்கு வாங்குவது.

இரவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். படுக்கும் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், எழும் நேரம் மாறக் கூடாது. மகளைப் பள்ளி வேனில் ஏற்ற ஆறரைக்கு எழுகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆறரைதான். எழுந்ததும் பத்து நிமிடம் மொட்டை மாடியில் வெளிச்சத்தில் நில்லுங்கள். ஆபீசிலிருந்து ஏழு மணிக்குள் கிளம்பிப் பறக்கும் ரயிலைப் பிடியுங்கள்; லேப்டாப் வீட்டுக்கு வர வேண்டாம். ஊருக்குப் போக ராத்திரி பஸ், கல்யாண வீட்டில் விடிய விடிய அரட்டை, மார்கழியில் நாலரை மணிக் கோலம், இவை எல்லாம் உங்களுக்குச் சின்ன விஷயங்கள் இல்லை. போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி போனால் அடுத்த இரண்டு ராத்திரிக்கு வேறு எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்கும். அதே கட்டத்தில் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு எண் எழுதுங்கள். பக்கத்தில் மனம் மேலே என்றால் மேல் அம்பு, கீழே என்றால் கீழ் அம்பு. செயலிகள் நிறைய இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் அவற்றை மூன்றாம் நாளே மறந்துவிடுகிறார்கள். காலண்டரை அம்மாவும் கணவரும் பார்ப்பார்கள். இரண்டு இரவு தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி, களைப்பும் இல்லை என்றால், கணவர் டாக்டருக்குப் போன் செய்வார், நீங்கள் அதற்குக் கோபப்பட மாட்டீர்கள். இந்த ஒப்பந்தத்தை நன்றாக இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு, “எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் என் சந்தோஷம் பொறுக்கல” என்று நீங்கள் சொல்வீர்கள், மனதார நம்பியும் சொல்வீர்கள். பணத்துக்கும் அப்படியே: போனிலிருந்து ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையை வங்கிச் செயலியில் குறைத்து வையுங்கள். ஐயாயிரத்துக்கு மேல் எது வாங்குவதானாலும் நடுவில் இரண்டு இரவு தூங்க வேண்டும்.

மனம் கீழே கிடக்கும் நாட்களில் முழு லீவு போடுவதை முடிந்தவரை தவிருங்கள். மாத்திரை, குளியல், ஒரு ஃபைல், அவ்வளவுதான் அன்றைய வேலை. பதினொரு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பினாலும் பரவாயில்லை. நாள் முழுக்கப் படுக்கையில் இருந்தால் இரவுத் தூக்கமும் போய்விடும்.

லித்தியத்தைப் பற்றி அம்மாவும் படிக்கும்படி எழுதுகிறேன். அம்மா, லித்தியம் ஒரு உப்பு. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதன் பலனை எழுதினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பைபோலாருக்கு முதல் வரிசை மருந்து இதுதான். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்கு இருக்கும் அளவு சான்று மற்ற மருந்துகளுக்கு இல்லை. உங்கள் மகள் ஆகஸ்டில் இருந்த நிலையைப் பார்த்தீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். குணசீலம் போக வேண்டும் என்றால் தாராளமாகப் போய்வாருங்கள். பெருமாள் சந்நிதியில் மனம் அமைதியானால் எனக்கும் சந்தோஷம்தான். டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை 48 நாளுக்கும் எண்ணி எடுத்துப்போங்கள். உப்பில்லாத விரதமும் தண்ணீர் குடிக்காத விரதமும் மட்டும் இவருக்கு வேண்டாம். உடம்பில் சாதாரண உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும், அளவு எகிறிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும், வயிற்றுப்போக்கு வந்தாலும் அதே ஆபத்து. மூட்டு வலி, தலைவலி என்று மருந்துக்கடையில் டிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடக் கூடாது, பாராசிட்டமால் போடலாம். கை பெரிதாக நடுங்கி, வாந்தி வந்து, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

வாசகியே, உங்கள் சின்ன நடுக்கத்துக்கும் தாகத்துக்கும் வழி இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், முழுவதையும் இரவு வேளைக்கு மாற்றலாம், வேறு மருந்துக்கே போகலாம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீண்ட காலச் சிகிச்சைக்குப் பலருக்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும். தைராய்டும் சிறுநீரகமும் கூடவே பார்க்க வேண்டும். காபி நிறையக் குடிப்பவர் என்றால் நடுக்கம் கூடும். ஆனால் ஐந்து டம்ளரிலிருந்து ஒரே நாளில் ஒன்றுக்கு இறங்கினாலும் லித்தியம் அளவு மாறும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் காபி இல்லை என்ற இடத்துக்கு வாருங்கள். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால், கருவுற்ற பிறகு வந்து சொல்லாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தைத் திட்டமிட்டு மாற்ற எங்களுக்கு மாதங்கள் வேண்டும்.

சாரிடம் சொல்வதைப் பற்றி. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றிருக்கிறது. அதே மாதிரி, 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மன நோய்க்கும் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் ஆறு பேர் வேலை செய்யும் ஆபீசில் சட்டத்தைவிட சாரின் மனசுதான் பெரிது. என் கருத்து: நோயின் பெயரை இப்போது சொல்ல வேண்டாம். தேவையைச் சொல்லுங்கள். “சார், உடம்புக்கு முடியவில்லை. சிகிச்சையில் இருக்கிறேன். டாக்டர் ராத்திரி வேலை கூடாது என்கிறார். ஏழு மணிக்குக் கிளம்புவேன், அதற்கு ஈடாக மாத ஆரம்பத்திலேயே ஃபைல்களை எடுத்துவிடுகிறேன்.” இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நோயின் பெயர் இல்லாமல் கடிதம் தரச் சொன்னால் உங்கள் டாக்டர் தருவார். அந்த மூன்று ஜி.எஸ்.டி. விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள்; இல்லை என்றால் இதோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். பிறகு சில மாதம் அவர் நடந்துகொள்வதைப் பார்த்து, பெயரைச் சொல்வதா என்று முடிவு செய்யலாம். ஒருமுறை சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

இந்த செப்டம்பர் 30-ஐப் பொறுத்தவரை நேராகவே சொல்கிறேன். நீங்கள் இன்னும் தேறவில்லை. இருக்கும் ஆடிட் ஃபைல்களில் பாதியை இந்த வாரமே வேறு ஒருவருக்குக் கொடுங்கள். பதினோரு வருடம் உழைத்தவர் ஒரு சீசனில் பாதி வேலையை இறக்கி வைத்தால் ஆபீஸ் மூழ்காது.

மகளுக்கு வருமா என்றால், இரண்டுக்கும் பரம்பரைத் தொடர்பு உண்டு. மற்றக் குழந்தைகளைவிட வாய்ப்பு அதிகம்தான். ஆனால் பைபோலார் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவளையும் ஒன்பது மணிக்குப் படுக்க வையுங்கள். ‘அம்மாவுக்கு ஏன் தினமும் மாத்திரை’ என்று கேட்டால் ஒளிக்காதீர்கள். “அம்மா நன்றாகத் தூங்கறதுக்கு” என்று சொல்லுங்கள், இப்போதைக்கு அவளுக்கு அது போதும்.